ரொனால்டு ராஸும் தண்ணீர்த் தொட்டியும்

ஆகஸ்டு மாதம் 20-ஆம் தேதியை உலகக் கொசு தினம் என்று ஆண்டுதோறும் பல தேசங்களிலும் அனுஷ்டித்து வருகின்றனர். கொசுவுக்கும் ஒரு தினமா என்று நம் வாசகர்களுள் சிலர் நகைக்கக்கூடும். அத்தினம் கொசுவைப் போற்றுவதற்கு ஏற்பட்டதன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக மனித குலத்தை வதைத்துவந்த ஒரு குற்றவாளியைக் கையுங் களவுமாகப் பிடித்த மனிதரை நினைப்பதற்கு ஏற்பட்டதாகும். பிடித்த இடம் நம் பாரத பூமியிலுள்ள செகந்திராபாத். பிடித்த ஆண்டு 1897. பிடித்தவர் ஸர் ரொனால்டு ராஸ் என்னும் வைத்தியர். அவர் சரித்திரத்தைச் சுருங்கச் சொல்வதே இன்று நம் நோக்கம். அதனைச் சொல்லத் தூண்டியது நயினார்கோவிலில் நாம் கண்ட ஒரு தண்ணீர்ப் பீப்பாய்.

பரமக்குடிக்கு அணித்தேயுள்ள நயினார்கோவிலை இராமநாதபுரம் சீமையில் அறியாதார் இலர். அங்குள்ள நாகநாதசுவாமி சந்நிதிக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே வந்து நேர்த்திக்கடன் செலுத்துவது நெடுநாளைய வழக்கம். அண்மையில் ஒரு காரியத்தை முன்னிட்டு அவ்வூர்ப் பக்கம் சென்றிருந்தபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் தங்க நேர்ந்தது. வாயிலில் வரிசையாகக் குடங்கள். அவற்றின் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. தொட்டிக்கு அருகில் மூடியில்லாத ஒரு பிளாஸ்டிக் பீப்பாய். பீப்பாயினுள் நோக்கினோம். நீர் தெளிவாகவே இருந்தது. ஆனால் அதன் மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கியும், நம் நிழல் பட்டவுடன் நெளிந்து அடியில் இறங்கியும், எண்ணிறந்த கூத்தாடிகள் ஆடிக்கொண்டிருந்தன.

அவ்வீட்டு மூதாட்டியாரிடம் அதனைக் காட்டினோம். அவை வெறுந் தண்ணீர்ப் பூச்சிகளென்றும், துணியில் வடிகட்டினால் போய்விடுமென்றும் அவ்வம்மையார் அமைதியாகக் கூறினார். சென்ற மழைக்காலத்தில் தம் பேரன் டெங்குக் காய்ச்சலால் ஆஸ்பத்திரியிற் கிடந்து பிழைத்து வந்த கதையையும் அவரே சொன்னார். இரண்டிற்கும் தொடர்புண்டு என்று நாம் சொல்லியபோது அவர் மறுக்கவில்லை. அந்த நீரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாம் எவ்வளவு தூரம் தள்ளிவந்தார் என்பதை மட்டும் சொல்லி, அதனைக் கொட்டிவிடத்தான் வேண்டுமா என்று கேட்டார். நீதிமன்றங்களில் வாதித்துப் பழகிய நமக்கு அக்கணம் விடை எழவில்லை. ஊர் திரும்பியபின் ராஸின் வாழ்க்கையை எடுத்துப் படித்தோம். அம்மூதாட்டியார் கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது. மற்றப் பாதி நம்மிடத்திலும் நம் சர்க்காரிடத்திலும் இருக்கிறது.

1857-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி மீரத் நகரத்தில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அதற்கு மூன்று நாள் கழித்து, மே மாதம் 13-ஆம் தேதி, இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் ராஸ் பிறந்தார். தந்தையார் இந்தியப் படையில் அதிகாரி. பத்துக் குழந்தைகளுள் இவரே மூத்தவர். எட்டு வயதில், அக்கால ஆங்கிலேய அதிகாரிகளின் வழக்கப்படி, கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். சித்திரம் எழுதுவதிலும், கவி புனைவதிலும், சங்கீதத்திலும் அவருக்குப் பெருவிருப்பம். வைத்தியத்தில் சிறிதும் விருப்பமில்லை. மகன் வைத்தியனாகி இந்தியாவில் உத்தியோகம் பார்க்க வேண்டுமென்பது தந்தையாரின் தீர்மானம். அத்தீர்மானமே வென்றது. லண்டனில் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் அரைமனத்தோடு பயின்று, ஒரு பரீட்சையில் தவறி, சிலகாலம் கப்பல் வைத்தியராகக் கடலில் திரிந்து, முடிவில் 1881-ஆம் ஆண்டு இந்திய வைத்தியச் சேவையிற் சேர்ந்து நம் சென்னை ராஜதானிக்கு வந்தார்.

ராஸ் அந்நிய ஆட்சியின் ஊழியர் என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் மெய்யறிவு எவர் கையில் விளைந்தாலும் அது உலகத்தார் அனைவருக்கும் பொதுச் சொத்தாகும். அயலாரென்று அவரை ஒதுக்குவதும் முறையன்று. ஆங்கிலேயர் என்பதற்காக வானளாவப் புகழ்வதும் முறையன்று. செய்ததைச் செய்தபடி சொல்வதே நம் கடன். அவ்வாறு சொல்லப்புகின், முதற் சில ஆண்டுகளில் அவர் செய்தது அதிகமில்லை. காலையில் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும், எஞ்சிய பொழுதைக் கவிதையிலும் கதையிலும் கணிதத்திலும் போக்கினார்.

1883-ஆம் ஆண்டு அவர் பெங்களூரில் படை வைத்தியராக இருந்தார். தங்குவதற்குக் கிடைத்த பங்களா வசதியானது. ஆனால் கொசுத்தொல்லை பொறுக்க முடியவில்லை. மற்ற அறைகளைவிடத் தம் அறையிலேயே கொசு மிகுந்திருப்பதைக் கவனித்த அவர் காரணத்தைத் தேடினார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தார், நயினார்கோவிலில் நாம் கண்ட காட்சியையே அவரும் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார். அறையிற் கொசுத்தொல்லை நீங்கிற்று. இவ்வளவு எளிய உபாயம் இருக்கையில் ஏன் எல்லாரும் கடிபட வேண்டும் என்று எண்ணி, படையின் அலுவல்களைக் கவனித்துவந்த அதிகாரியிடம் சென்று, சாப்பாட்டு விடுதியிலும் இவ்வாறே நீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துவிடலாமென்று யோசனை சொன்னார். அவ்வதிகாரி இணங்கவில்லை. கொசுவை ஒழிப்பது இயற்கையின் ஒழுங்கைக் குலைப்பதாகும் என்பது அவர் வாதம்.

நேயர்கள் இதனைச் சற்று ஊன்றி நோக்குவார்களாக. கொசு நோயைப் பரப்புகிறது என்பதை ராஸ் நிரூபிப்பதற்குப் பதினான்கு ஆண்டுகட்கு முன்னரே, கொசுவைக் குறைக்கும் வழி அவர் கையில் அகப்பட்டுவிட்டது. அவ்வழிக்கு மருந்து வேண்டியதில்லை, பணம் வேண்டியதில்லை, நீரினுள் எட்டிப் பார்க்கும் கண் ஒன்றே வேண்டும். அன்று அதனை மறுத்த அதிகாரியைக் கண்டு நாம் நகைப்பது எளிது. ஆனால் கூத்தாடியைக் கண்டும் வாளா செல்லும் நாமும் அவர் கட்சியைச் சேர்ந்தவர்களே.

ராஸும் அவ்விஷயத்தை அத்துடன் விட்டுவிட்டார். மலேரியாக் காய்ச்சல் சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றிலிருந்து வருவதென்பதே அக்காலத்து வைத்தியர் பலருடைய கொள்கை. 1880-ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் லாவரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர், மலேரியா நோயாளியின் இரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். அவ்வொட்டுண்ணி ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எவ்வாறு செல்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை. 1894-ஆம் ஆண்டு விடுமுறையில் லண்டன் சென்ற ராஸ், பாட்ரிக் மான்ஸன் என்னும் முதியவரைச் சந்தித்தார். யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-ஆம் ஆண்டிலேயே சீனத்தில் கண்டவர் மான்ஸன். மலேரியாவுக்கும் கொசுவே வாகனமாயிருக்கலாமென்று அவர் ஐயுற்றார். அவ்வையத்தை மெய்ப்பிக்கும் பணியை மேற்கொண்டு 1895-ஆம் ஆண்டு ராஸ் இந்தியா திரும்பினார். முப்பத்தேழு வயது வரையில் இன்ன தொழிலென்று நிலைக்காமல் அலைந்த மனம் அன்று ஒரு நிலையில் நின்றது.

செகந்திராபாத்தில் விசாரணை தொடங்கிற்று. விசாரணை என்று நாம் சொல்வது அலங்காரத்திற்காகவன்று. கொசுக்களைப் பிடித்து, மலேரியா நோயாளியைக் கடிக்க விட்டு, பின்னர் ஒவ்வொன்றாக அறுத்து, சூக்ஷ்மதரிசினியில் வைத்து, அணு அணுவாக ஆராய்வதே அவ்விசாரணை. அவருக்கு முதலில் அகப்பட்டவை இருவகைக் கொசுக்கள்: ஒன்று சாம்பல் நிறமுடையது, மற்றொன்று உடலிலும் கால்களிலும் வரிகளையுடையது. மாதக்கணக்காக அவற்றை அறுத்துப் பார்த்தார். மலேரியா ஒட்டுண்ணி வளர்ந்ததற்கு அடையாளம் ஒன்றும் கிடைக்கவில்லை. நிரபராதிகள் என்று அவற்றை விடுவித்தார். அவ்விரண்டில் வரிக்கொசுவை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். அதனை மீண்டும் கூண்டில் ஏற்றப் போகிறோம்.

1897-ஆம் ஆண்டு கோடையில் அவர் உதகமண்டலத்தை அடுத்த சீகூர் கணவாய்க்கு ஆராய்ச்சியின் பொருட்டுச் சென்றார். அங்கே தமக்கே மலேரியா கண்டு பிழைத்தார். இறகில் புள்ளிகளையுடைய வேறொருவகைக் கொசுவை அங்கேதான் முதலில் கவனித்தார். செகந்திராபாத் திரும்பியதும், அவர் ஏவலாட்கள் தேடிக்கொணர்ந்த கூத்தாடிகளிலிருந்து அதனையொத்த கொசுக்கள் வெளிவந்தன. ஹுஸேன் கான் என்னும் மலேரியா நோயாளி அவற்றிற்குத் தம் உடலைக் கொடுக்க இசைந்தார். கடிக்கும் கொசு ஒன்றுக்குக் கூலி ஓர் அணா. ஆகஸ்டு மாத வெப்பம். பங்கா இழுத்தால் கொசுக்கள் பறந்துவிடுமென்று அதனையும் நிறுத்திவைத்தார். நெற்றியிலிருந்து வழிந்த வேர்வையால் கருவியின் திருகுகள் துருப்பிடித்திருந்தன; கண்ணாடியும் விரிந்திருந்தது. ஆகஸ்டு மாதம் 20-ஆம் தேதி, எஞ்சியிருந்த சில கொசுக்களுள் ஒன்றின் இரைப்பைச் சுவரில், மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கருநிறத் துகள்களைத் தாங்கிய வட்டமான அணுக்களைக் கண்டார். மறுநாள் வேறொரு கொசுவில் அவை பின்னும் பெரியனவாக வளர்ந்திருக்கக் கண்டார். கொசுவின் உடலில் நோய்விதை வளர்கிறது என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது.

இத்தகைய ஊழியரைச் சர்க்கார் எவ்வாறு பாராட்டிற்று? சில வாரங்களுக்குள் அவரை ராஜபுதனத்திலுள்ள கேர்வாரா என்னும் மூலைக்கு மாற்றிற்று. அங்கே அவர் ஆராயத்தக்க மலேரியா இல்லை. மான்ஸன் முதலியோர் முயன்றதன் பேரில் 1898-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கல்கத்தாவில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அச்சமயம் பிளேக் ஊசியைப் பற்றிய பீதி அந்நகரில் பரவியிருந்தமையால், ஊசியோடு வரும் வைத்தியரிடம் உடலைக் கொடுக்க ஜனங்கள் அஞ்சினர். ராஸ் பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். ஜூலை மாதம், ஒட்டுண்ணி கொசுவின் இரைப்பையிலிருந்து வெளிப்பட்டு உமிழ்நீர்க் கோளங்களை அடைவதையும், அக்கொசு கடித்த குருவிக்கு நோய் வருவதையும் காட்டி முடித்தார். நோய் செல்லும் பாதை முழுவதும் வெளிச்சமாயிற்று.

அவ்வேலையில் இரவும் பகலும் உடனிருந்தவர் முகம்மது பக்ஸ் என்னும் இந்தியர். ஹுஸேன் கானும் முகம்மது பக்ஸும் பட்டம் பெற்றவர்களல்லர், பரிசு பெற்றவர்களுமல்லர். ஓர் அணாக் கூலிக்குத் தன் உடலைக் கொசுவுக்கு ஈந்த ஏழை இல்லையேல், 1902-ஆம் ஆண்டு ராஸ் பெற்ற நோபல் பரிசும் இல்லை. அப்பரிசைப் பற்றிப் பேசுவோர் இவ்விருவரையும் மறவாதிருத்தல் நியாயமாகும்.

இனி, நாம் நினைவில் வைக்கச் சொன்ன வரிக்கொசுவிடம் வருவோம். டெங்குவும் சிக்குன்குனியாவும் மலேரியாவைப் போன்று ஒட்டுண்ணியால் வருவனவல்ல. ஒட்டுண்ணியினும் மிகமிக நுண்ணிய வைரஸால் வருவன. ஆனால் பாதை ஒன்றே. நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசுவின் வயிற்றில் வைரஸ் பெருகி, ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு நாட்களில் உமிழ்நீர்க் கோளங்களை அடைகின்றது. அதன்பின் அக்கொசு தன் வாழ்நாள் முழுவதும் கடிப்பவர்க்கெல்லாம் நோயைக் கொடுக்கவல்லது. இத்தொழிலைச் செய்வது ஏடிஸ் என்னும் இனத்து வரிக்கொசு. ராஸ் மலேரியா வழக்கில் விடுதலை செய்த வரிக்கொசுவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அவர் தீர்ப்புப் பிழையன்று. அவ்வழக்கில் அது நிரபராதியே. அதன் குற்றம் வேறு வழக்கில் இருந்தது.

அவ்வழக்கை முதலில் தொடுத்தவர் கியூபாத் தீவின் வைத்தியர் கார்லோஸ் பின்லே. அப்பொழுது அத்தீவு ஸ்பெயின் தேசத்தின் ஆட்சியில் அடிமைப்பட்டிருந்தது. மஞ்சள் காய்ச்சலை வரிக்கொசுவே பரப்புகிறது என்று அவர் 1881-ஆம் ஆண்டிலேயே கூறினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1900-ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர் வால்ட்டர் ரீடும் அவர் தோழர்களும் பின்லே கூறியது மெய்யென்று காட்டினர். டெங்குவையும் இதே கொசு பரப்புவதை 1906-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் பான்கிராப்ட் என்பவர் வெளியிட்டார். நம் நாட்டில், 1780-ஆம் ஆண்டிலேயே சென்னைப்பட்டணத்தில் டெங்குவையொத்த காய்ச்சல் பரவியதாகக் குறிப்பு உண்டு. 1963-ஆம் ஆண்டு கல்கத்தாவில் டெங்குவும் சிக்குன்குனியாவும் பரவின. அடுத்த ஆண்டு சென்னையும் வேலூரும் சிக்குன்குனியாவால் வருந்தின. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்த அந்நோய் 2006-ஆம் ஆண்டு மீண்டு வந்து, தேசமெங்கும் பதின்மூன்று லக்ஷம் பேருக்கு மேல் பீடித்தது. மூட்டுக்களைப் பிடித்து மாதக்கணக்கில் நடக்கவொட்டாமற் செய்த அவ்வேதனையை அநுபவித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ராஸின் பிற்கால வாழ்க்கை கண்டுபிடிப்பைவிட நமக்கு அதிகம் பயன்படுவது. 1899-ஆம் ஆண்டு இந்திய சேவையிலிருந்து விலகி, லிவர்பூல் உஷ்ணதேச வைத்தியப் பள்ளியில் ஆசிரியரானார். உண்மையைக் கண்டாயிற்று, இனிப் பிறர் பார்த்துக்கொள்வர் என்று அவர் வாளாவிருக்கவில்லை. வீடு வீடாகச் சென்று தேங்கிய நீரையும் உடைந்த பாத்திரங்களையும் அகற்றும் கொசுப் படைகளை எவ்வாறு அமைப்பதென்று நூல் எழுதினார். மேற்கு ஆபிரிக்காவில் பிரீடவுன் நகரில் செய்த முயற்சி நிலைக்கவில்லை. சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவில் 1902-ஆம் ஆண்டு அவர் சொன்ன முறைகளை விடாது பின்பற்றினர்; சில ஆண்டுகளுக்குள் அங்கே மலேரியா அருகிப்போயிற்று. முறை ஒன்றே, ஓரிடத்தில் தோற்று மற்றோரிடத்தில் வென்றது. இடைவிடாமையே வெற்றிக்கு அடிப்படை.

1907-ஆம் ஆண்டு மொரீசியஸ் தீவுக்குச் சென்றார். நம் தமிழர் பலர் கூலிகளாகச் சென்று குடியேறிய தீவு அது. அங்கே அவருக்கு இளமையிற் கற்ற கணிதம் கைகொடுத்தது. கொசுவை அடியோடு ஒழித்தாலன்றி நோய் ஒழியாதென்று பலர் சோர்ந்திருந்தனர். அவ்வாறன்று, கொசுவின் தொகை ஓரளவுக்குக் கீழே குறைந்தால் நோய் தானே தேய்ந்துபோம் என்று ராஸ் கணக்கிட்டுக் காட்டினார். அவ்வளவு நோய்க்கு நோய், ஊருக்கு ஊர் வேறுபடும். ஆயினும் தத்துவம் இன்றும் நிற்கின்றது. என் வீட்டுத் தொட்டி ஒன்றை மூடினால் ஊர் திருந்திவிடுமா என்று கேட்போருக்கு அக்கணக்கே விடை. ஒவ்வொரு தொட்டியும் அத்தொகையைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

அவர் குறைகளையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. மனித மலேரியாவைப் பற்றி ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் கிராஸி என்பவரோடு, முதன்மை யாருக்கு என்பது பற்றி நெடுங்காலம் பூசலிட்டார். வழிகாட்டிய மான்ஸனோடும் பிற்காலத்தில் மனம் வேறுபட்டார். சர்க்கார்கள் தம் சொல்லைக் கேளாமையால் அவர் மனம் கசந்தது. 1911-ஆம் ஆண்டு ஸர் பட்டமும், 1926-ஆம் ஆண்டு தம் பெயரால் லண்டனில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் கிடைத்தன. அந்நிலையத்திலேயே 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16-ஆம் தேதி எழுபத்தைந்தாம் வயதில் உயிர் நீத்தார்.

ராஸ் கவிழ்த்தது பெங்களூர்ப் பங்களாவின் தொட்டி. அவருக்கு வேறு நீர் கொண்டுவர ஏவலாட்கள் இருந்தனர். நயினார்கோவில் மூதாட்டியாருக்கு அவ்வசதி இல்லை. ஊருணியும் கண்மாயும் வற்றும் சீமையில், நீரைச் சேமித்து வைப்பது குற்றமன்று. பிழைப்பதற்கு வேண்டிய அறிவு. மழை மிகுந்த இடத்தில்தான் டெங்கு வரும் என்று எண்ணுவோர் உளர். வறண்ட நாட்டிலும் அது வருவதற்குக் காரணம் இச்சேமிப்பே. வரிக்கொசு சாக்கடையை நாடுவதன்று; வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரையே விரும்புவது. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். பொரித்த கூத்தாடி ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். பிறந்த இடத்தை விட்டுப் பெரும்பாலும் இருநூறு கஜத்துக்கு மேல் செல்லாது. பகலில், முக்கியமாகக் காலையிலும் அந்திக்கு முன்னும் கடிக்கும். ஆகவே நம்மைக் கடிக்கும் வரிக்கொசு பெரும்பாலும் நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்தது.

நீரைக் கொட்டத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை ஹவானா நகரத்தில் கிடைக்கிறது. 1901-ஆம் ஆண்டு அங்கே மஞ்சள் காய்ச்சலை ஒழிக்க முற்பட்ட கார்கஸ் என்னும் வைத்தியர், மக்கள் சேமித்த குடிநீரைக் கொட்டச் சொல்லவில்லை. பீப்பாய்களுக்கு மூடியிட்டு, நீர் விழும் துவாரத்துக்கு வலையிட்டு, அடியில் குழாய் வைத்துக் கொடுத்தார். வீடுதோறும் ஆட்கள் தவறாது சென்று பார்த்தனர். அவ்வாண்டுக்குள் நோய் மறைந்தது. நம் வீடுகளிலும் அவ்வாறே செய்யலாம். குடத்துக்கும் பீப்பாய்க்கும் இடைவெளியில்லாத மூடி. மூடி இல்லையேல் நெருக்கமாக நெய்த துணியை இழுத்துக் கட்டுதல் போதும். வாரத்தில் ஒரு நாள், அது வெள்ளிக்கிழமையாயினும் ஆகுக, நீர் தீர்ந்த பாத்திரத்தின் உட்சுவரைத் தேங்காய் நார் கொண்டு அழுந்தத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவாமல் மேலும் நீர் ஊற்றினால் சுவரில் ஒட்டிய முட்டைகள் அப்படியே பொரிக்கும். கூத்தாடி கண்ட நீரைச் செடிக்கு ஊற்றலாம். மண்ணில் அது சாகும். உரலின் குழி, சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் நீர் நிற்கலாகாது. சுகாதார ஊழியர் தொட்டியிலிடும் அபேட் மருந்து, உரிய அளவில் இட்டால் குடிநீருக்கும் தீங்கற்றது என்று உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டதாகும். அவ்வூழியரை வாயிலோடு திருப்பியனுப்புதல் தகாது.

காய்ச்சல் வந்துவிட்டாலோ, இந்நோயின் வைரஸைக் கொல்லும் தனிமருந்து இல்லை. ஓய்வும், நிறைய நீராகாரமும், காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலும் போதும். ஆஸ்பிரின் முதலிய வலிமருந்துகள் இரத்தப்போக்கை மிகுவிக்கும்; அவற்றைக் கடையில் வாங்கி விழுங்கலாகாது. காய்ச்சல் தணியும் நாளே டெங்குவில் அபாயமான நாள். அப்பொழுது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மயக்கம், கைகால் சில்லிடல் ஆகிய குறி ஒன்று கண்டாலும் ஒரு நாழிகையும் தாமதியாது ஆஸ்பத்திரி சேர வேண்டும். எந்தக் கஷாயமும் அதற்கு ஈடாகாது. நோயாளி பகலிலும் வலைக்குள் படுத்தல் நன்று. அவரைக் கடித்த கொசுவே அடுத்தவரைக் கடிக்கும்.

பேரன் பிழைத்துவிட்டான் என்று அம்மூதாட்டியார் ஆறுதல் கொண்டிருக்கிறார். அவ்வாறுதலைக் குலைக்க நமக்கு மனமில்லை. ஆனால் உண்மையை மறைத்தலும் ஆகாது. டெங்கு வைரஸ் நான்கு வகைப்படும். ஒருவகையால் நோயுற்றுத் தேறியவருக்கு அவ்வகை மீண்டும் வருவதில்லை. மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் முறை வரும்பொழுது நோய் கடுமையாவதற்கு இடம் அதிகம். ஆகவே அச்சிறுவனுக்கே அவ்வீட்டுப் பீப்பாயால் பேரபாயம்.

மற்றப் பாதி விடையைச் சர்க்கார் சொல்ல வேண்டும். 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் நம் ராஜதானியில் இயற்றப்பட்டது. இன்றும் தமிழ்நாட்டில் அமுலில் உள்ளது. அதில் கொசு வளர நீரைத் தேங்கவிடுதலைத் தடுக்கும் பகுதி உண்டு. அதே சட்டத்தில் குடிநீர் வழங்குவது பற்றிய பகுதியும் உண்டு. முதற்சொன்ன பகுதியைக் கையிற்கொண்டு குடிசை வாயிலில் நோட்டீஸ் ஒட்டுவோர், மற்றப் பகுதியைப் புரட்டிப் பார்த்தாரா என்று கேட்பதற்குப் பிரஜைகளுக்கு உரிமையுண்டு. ஒரு சட்டத்தை முழுதும் சேர்த்துப் படித்தலே வழக்கறிஞர் கற்ற முதற்பாடம். காவிரிக் கூட்டுக் குடிநீர் குறித்த நாளில் குறித்த நேரத்தில் தெருக்குழாயில் வருமாயின், எவரும் பத்து நாளைக்கு நீரைத் தேக்கி வைக்கமாட்டார். நீர் வருநாள் நிச்சயமில்லாதவரை பீப்பாய்கள் நிறைந்தே இருக்கும். அதுவரையில், மூடியுள்ள பீப்பாயை ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்தலாவது பஞ்சாயத்துக்களால் இயலாத காரியமன்று. ஆஸ்பத்திரிச் செலவைவிட அது குறைவே.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கும். அதற்குமுன் நமக்குச் சில வாரங்கள் உள்ளன. இம்முறை நயினார்கோவில் செல்லும்பொழுது, அம்மூதாட்டியாருக்குப் பதில் சொல்ல நாம் ஆயத்தமாயிருக்கிறோம். அம்மையே, தாங்கள் சுமந்துவந்த நீரைக் கொட்ட வேண்டாம். மூடி வையுங்கள், வாரந்தோறும் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள் என்போம். வாய்ச்சொல்லோடு நில்லாது, அப்பீப்பாய்க்குப் பொருந்தும் மூடி ஒன்றையும் உடன் எடுத்துச் செல்வோம். நம் வாசகர்கள் ஒவ்வொருவரும், ராஸ் தம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்ததுபோல், இன்று மாலையே தத்தம் வீட்டு நீர்ப் பாத்திரங்களுக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்களாக.